ஒரு பாத்திரமும் நாற்பது கிளாஸ்களும்

ஜெயலீலா இறந்த மூன்றாவது வாரம் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தின் செய்திமடலில் அவளைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. சாந்தகுணமுள்ள சகோதரி, யாரையும் கடிந்து பேசாதவர், அமைதியின் வடிவம் என்று எழுதியிருந்தார்கள். பிறந்தது தரங்கம்பாடி, படித்தது திருச்சி, வேலை நியூ ஜெர்சியில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில், 1989 நவம்பரில் புற்றுநோயால் மரணம், வயது நாற்பத்தாறு. ஊரும் தேதியும் சரி. குணத்தைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். எழுதியவர் ஐக்கியத்தின் செயலாளர் டாக்டர் தேவநேசன். கடைசி மூன்றரை வருஷம் அந்த ஐக்கியத்தின் கூட்டங்களில் அவள் கால் வைக்கவில்லை என்பதும், அதற்குக் காரணம் யார் என்பதும் அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

அவள் கோபக்காரி. சத்தம் போடுகிற கோபம் இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும், மரியாதை கூடும். ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை மேலதிகாரி ஒரு சோதனையின் எண்ணைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொன்னார். அவள் நோட்டை அவர் மேஜையில் விரித்து வைத்து, பேனாவையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்து, தயவுசெய்து நீங்களே உங்கள் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுங்கள் என்று மிகப் பணிவாகச் சொன்னாள். அவர் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவளிடம் அப்படி எதையும் கேட்கவுமில்லை. நுண்ணுயிர்களை எண்ணுவது அவள் வேலை. தண்ணீரில், மேஜையில், மாத்திரை வழிந்து வரும் குழாயில் எத்தனை கிருமி என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எண்ணியது எண்ணியபடி.

அப்படிப்பட்டவள் தன்னைப் பற்றிய ஒரு விஷயத்தில் மட்டும் ஆறு வருஷம் வாய் திறக்காமல் இருந்தாள். 1986 மார்ச் மாதத்துக் கோபத்தில் பாதி மற்றவர்கள்மேல். மீதிப் பாதி அதனால் வந்தது.

ஐக்கியம் தொடங்கியதே அவள் வீட்டில்தான். 1979-இல் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டின் ஹாலில், நான்கு குடும்பங்கள், ஒரு ஆர்மோனியம். சத்தியசீலன், அவள் கணவன், நெடுஞ்சாலைத் துறையில் பாலங்களுக்குப் படம் வரைகிறவன். சோபாவைச் சுவரோரம் தள்ளி ஜமுக்காளம் விரிப்பது அவன் வேலை. முதல் கூட்டத்திலேயே சண்டை வந்தது. ஜெபத்துக்கு ஒரு குடும்பம் எழுந்து நின்றது, ஒன்று முழங்கால் போட்டது, ஒன்று உட்கார்ந்தபடியே கண்ணை மூடியது. ஒருவருக்கு அச்சடித்த ஜெபப் புத்தகம் இல்லாமல் ஆராதனை ஆராதனையே இல்லை. இன்னொருவருக்குப் புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது ஜெபமே இல்லை. பாட்டு எண்கூட ஒத்துப்போகவில்லை; லுத்தரன் புத்தகத்தில் ஒரு எண், திருநெல்வேலிப் புத்தகத்தில் வேறு. இருநூறு, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்திறங்கிய ஒவ்வொரு மிஷனும் தன் தன் பிடிவாதத்தை ஒவ்வொரு மாவட்டத்தில் விதைத்துவிட்டுப் போயிருந்தது. அது முளைத்துக் காய்த்து, விதை அமெரிக்காவரைக்கும் வந்துவிட்டது.

இந்தச் சண்டைகளை ஜெயலீலா ரசித்தாள். புத்தகத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் புத்தகத்தைப் படித்தவர்கள்தானே என்று சொல்வாள். அவள் ரசிக்காதது ஒரே ஒரு கேள்வியை. புதிதாக யார் வந்தாலும் காபி கையில் வாங்கியதும் கேட்கப்படுகிற கேள்வி: நீங்க எந்த மிஷன்?

வெளியாளுக்கு இது சபையைப் பற்றிய கேள்வி. கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் தெரியும், அது சாதியைப் பற்றிய கேள்வி. எந்த மிஷன் எந்த ஊரில் யாரைச் சேர்த்தது என்பது எல்லாருக்கும் மனப்பாடம். பேர், ஊர், மிஷன் மூன்றும் தெரிந்துவிட்டால் மேற்கொண்டு கேட்பது நாகரிகமில்லை; கேட்கத் தேவையும் இல்லை.

டாக்டர் தேவநேசனும் அவர் மனைவி யூனிஸும் 1980-இல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தார்கள். யூனிஸ் முதல் நாளே ஜெயலீலாவிடம் அதைக் கேட்டாள். லுத்தரன், தரங்கம்பாடி என்று ஜெயலீலா சொன்னாள். யூனிஸ் முகம் மலர்ந்தது.

"அப்ப பழைய குடும்பமா, அக்கா?"

"ரொம்பப் பழசு. முதல் ஞானஸ்நானப் பதிவேட்டுலயே எங்க ஆளுங்க பேர் இருக்குன்னு எங்க அப்பா சொல்லுவார்."

யூனிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பழைய லுத்தரன் குடும்பம் என்றால் வேளாளர் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகளுக்குச் சுத்தமான தமிழ். கணக்கு சரியாகத்தான் வந்தது. யூனிஸுக்குத் தெரியாதது, தரங்கம்பாடியில் முதன்முதலில் தண்ணீர் ஊற்றப்பட்டது பெரிய வீட்டுக்காரர்கள் தலையில் இல்லை என்பது. அங்கே முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர்கள் வீட்டில் வேலை செய்த அடிமைகள். ஜெயலீலாவின் அப்பா பெருமையோடு சொன்னது அவர்களைத்தான். பெரிய வீட்டுக்காரர்கள் பிறகு வந்தார்கள், வந்ததும் ஆலயத்தில் தனி வரிசை கேட்டார்கள், அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தில் தனிப் பாத்திரம் கேட்டார்கள். மிஷனரிப் பாதிரிமாரான ஐயர்மாரும் இது ஊர் வழக்கம், மதமல்ல என்று கொடுத்தார்கள்.

அன்றைக்கு அவள் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யூனிஸ் பிடித்திருந்த கை சூடாக இருந்தது. ஜனவரி மாதம், ஊர் விட்டு ஆறு வருஷம், அக்கா என்று கூப்பிட ஒருத்தி. சும்மா இருந்துவிட்டாள். அடுத்த வாரம் சொல்வது கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷம் சொல்லவே முடியாததாகிவிட்டது.

கூட்டம் பெருகி, 1982-இல் ஞாயிறு மதியங்களுக்கு ஒரு பழைய பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தை வாடகைக்கு எடுத்தார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அமெரிக்கா என்ற நாடு உண்டாவதற்கு முன்பே கட்டிய கல் கட்டடம். தாழ்வாரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் சின்னச் சின்ன ஈயத் துண்டுகள், கட்டைவிரல் நகம் அளவு. அங்கே தொண்டு செய்யும் மிஸஸ் ஹால்ஸி என்ற கிழவி, கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்வாள். கேட்டது ஜெயலீலா ஒருத்திதான்.

அந்தக் காலத்தில் திருவிருந்துக்கு முந்தின வாரம் சபை மூப்பர்கள் வீடு வீடாகப் போவார்களாம். யார் ஒழுங்கு, யார் குடிகாரன், யார் யாரோடு சண்டை என்று விசாரித்து, தகுதி உள்ளவர்களுக்கு ஆளுக்கு ஒரு ஈயத் துண்டு. அதைக் கொடுத்தால்தான் பந்தியில் இடம். ஆற்றுக்கு அப்புறம் இருந்த பாப்டிஸ்டுகள் இன்னும் கண்டிப்பு: ஆற்றில் முழுகி எழுந்தவர்களைத் தவிர வேறு யாரும், எவ்வளவு நல்லவராயிருந்தாலும், அவர்கள் பந்தியில் உட்கார முடியாது. இன்னும் நாலு மைல் தள்ளி இருந்த குவேக்கர்கள் இந்த வம்பே வேண்டாமென்று அப்பமும் இல்லை திராட்சரசமும் இல்லை என்று வெறும் பெஞ்சில் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். மூன்று கூட்டமும் இங்கிலாந்து ராஜாவின் சபைக்குப் பயந்து தப்பி, ஒரே கடலைத் தாண்டி வந்தவர்கள். வந்து இறங்கியதும் ஒருவர் பந்தியில் ஒருவர் உட்காரவில்லை.

ஈயத் துண்டு கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்று ஜெயலீலா கேட்டாள். பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றாள் மிஸஸ் ஹால்ஸி, வானிலை சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து சத்தியசீலனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். நம்ம ஊர்ல துண்டே தேவையில்லை, மூஞ்சியைப் பார்த்தாலே போதும் என்றான். அவள் சிரிக்கவில்லை.

தாமஸும் கிருபாராணியும் 1984 கோடையில் வந்து சேர்ந்தார்கள். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். அமெரிக்கன் மிஷன். அந்த மிஷன்காரர்கள் லுத்தரன்களைப்போல் வழவழா இல்லை. சாதியை விடுகிறேன் என்று வாயால் சொன்னால் போதாது, எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சேரிக்காரர் சமைத்ததைச் சாப்பிட்டுக் காட்டு, இல்லாவிட்டால் சபையில் இடமில்லை என்று நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் பந்தி போட்டவர்கள். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். அந்தப் பந்தியிலிருந்து எழுந்து ஓடியவர்கள் பலர் நேராகப் போய்ச் சேர்ந்தது லுத்தரன் சபையில். மிஞ்சியவர்கள் பெரும்பாலும் சேரிக்காரர்கள். ஆகவே கிருபாராணி மிஷன் பெயரையும் கிராமத்தின் பெயரையும் சொன்னதுமே யூனிஸ் முகத்தில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கிருபாராணி முதியோர் இல்லத்தில் உதவியாளர். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது. தாமஸ் ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

மாதம் ஒருமுறை ஆராதனைக்குப் பிறகு எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். கிருபாராணி கொண்டுவரும் கோழிக் குழம்பின் மணம் ஹாலையே தூக்கும். ஆனால் அவள் பாத்திரம் கொண்டுவந்த எடையிலேயே திரும்பிப் போகும். ஜெயலீலா ஒரு கரண்டி போட்டுக்கொள்வாள். ஒரு கரண்டி. பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பதற்கு ஒரு கரண்டி போதும்.

1986 பிப்ரவரியில் தேவநேசன் போன் செய்தார். எய்ட்ஸ் பயம் நாடெங்கும் பரவிய சமயம். ஒரே பாத்திரத்தில் எல்லாரும் வாய் வைத்துத் திராட்சரசம் குடிப்பதைப் பற்றி அமெரிக்கச் சபைகளிலேயே பேச்சு இருக்கிறது. நாமும் தனித்தனிச் சின்னக் கிளாஸுக்கு மாறிவிடலாம் என்று கமிட்டி நினைக்கிறது. நீங்கள் இந்தத் துறையில் இருப்பவர், பத்து நிமிஷம் கிருமிகளைப் பற்றிப் பேசி ஒரு ரிப்போர்ட் கொடுத்தால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். ஜெயலீலாவுக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். ஆனால் சோதிக்காமல் எழுத அவளால் முடியாது.

அந்த மாதத் திருவிருந்து முடிந்ததும் பஞ்சுக்குச்சியால் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்து எடுத்தாள். ஒப்பிட வேண்டுமே என்று ஆலயக் கதவின் கைப்பிடி, பாட்டுப் புத்தகத்தின் அட்டை, சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் தொட்ட பிரியாணிக் கரண்டி ஆகியவற்றையும் எடுத்தாள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, மிச்சமிருந்த கிருமி வளர்க்கும் தட்டுகளில் இரண்டு நாள் வளர்த்து எண்ணினாள். கைப்பிடி முதலிடம். கரண்டி இரண்டாமிடம். புத்தக அட்டை பரவாயில்லை. வெள்ளிப் பாத்திரம், உள்ளே ஒயின், ஒவ்வொருவர் குடித்த பிறகும் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது. அந்தத் தட்டில் விரல்விட்டு எண்ணும்படி நாலைந்து புள்ளிகள்தான்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி கமிட்டி தேவநேசன் வீட்டில் கூடியபோது இந்த எண்களைப் படித்தாள். பாத்திரத்தை மாற்ற அவசியமில்லை, கதவுக் கைப்பிடியைத் துடைத்தால் நல்லது என்றாள். நல்ல செய்தி கொண்டுவந்ததாகவே நினைத்தாள். யாரும் சந்தோஷப்படவில்லை. தேவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விஞ்ஞானம் ஒரு பக்கம் இருக்கட்டும் சிஸ்டர், ஜனங்களோட மனசுன்னு ஒண்ணு இருக்குல்லா என்றார்.

டீ எடுக்கச் சமையலறைக்குப் போனபோது யூனிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நீங்க என்னக்கா, காரியத்தைக் கெடுத்துட்டீங்களே. கிருமியா பெருசு? போன மாசம் அந்தக் கிருபாராணி குடிச்சு, அடுத்தாப்ல எனக்கு வந்துச்சு பாத்துக்கிடுங்க. உடம்பெல்லாம் கூசிட்டு. நம்மள மாதிரிப் பழைய குடும்பத்துக்கு நான் சொல்லியா தெரியணும்?"

ஜெயலீலா கையில் டம்ளர்கள் இருந்தன. அவற்றை மேஜையில் வைத்தாள். கோட்டை எடுத்துக்கொண்டாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். காரை எடுத்து, பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்கின் ஓரம் நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருபது நிமிஷம் இருந்தாள். போன மாதத்தைத் தவிர, ஆறு வருஷமாக மாதம் ஒருமுறை யூனிஸ் அவளுக்கு அடுத்துத்தான் குடித்திருக்கிறாள். அவள் வாய் பட்ட இடத்தில்தான் வாய் வைத்திருக்கிறாள். அப்போது கூசாத உடம்பு.

பதினோரு நாள் அந்தக் கோபம் இறங்கவில்லை. காய்ச்சல் மாதிரி வேலைக்குக் கூடவே வந்தது. சத்தியசீலனிடம் சொன்னபோது அவன் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு.

"அவங்க என்னமோ பேசிட்டுப் போகட்டும் லீலா. நீ எதையும் கிளறாதே. பன்னிரண்டு வருஷம் இங்க நிம்மதியா இருந்தோம்."

"நிம்மதியா இல்லைங்க. ஒளிஞ்சு இருந்தோம்."

"யார்கிட்ட ஒளிஞ்சோம்? யாரும் கேக்கல, நாம சொல்லல."

"கேட்டாங்க. எந்த மிஷன்னு கேட்டாங்க. நான் கையைக் கொடுத்துட்டு உக்காந்திருந்தேன்."

அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அவனைக் குறை சொல்லவும் முடியாது. சிறுவயதில் தஞ்சாவூர் விடுதியில் அவன் தட்டில் மட்டும் ஆணியால் ஒரு கீறல் போட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி அவன் யாரிடமும் பேசியதில்லை. மனைவியிடம் ஒரே ஒரு தரம்.

அந்தச் சனிக்கிழமை ஜெயலீலா கிருபாராணியின் வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கிருபாராணி ஷிப்ட் முடிந்து வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளை ஜெயலீலா தடுத்தாள். யூனிஸ் சொன்னதை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், சின்னக் கிளாஸ் விஷயம் கிருமிக்காக இல்லை என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்க்கா," என்றாள் கிருபாராணி. "என் கொழம்ப யாரு தொடுறாக, யாரு தொடலன்னு எனக்குத் தெரியாதாக்கும்? திருப்பிக் கொண்டாந்து மூணு நாளைக்கு நாங்கதான திங்கிறோம்."

"அப்பறம் எதுக்கு ஒவ்வொரு மாசமும் கொண்டு வர்ற?"

"கொண்டு வரலன்னா அவுக செயிச்ச மாதிரி ஆயிரும்ல."

கிருபாராணி தண்ணீரிலிருந்து காலை எடுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே, ஜெயலீலாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க சின்னம்மா தரங்கம்பாடியில டீச்சரா இருந்துச்சு. உங்க அப்பா ஸ்கூல்தான். நீங்க யாருன்னு எனக்கு வந்த மொத மாசமே தெரியும். நான் யார்கிட்டயும் மூச்சு விடல. உங்களுக்குச் சிக்கல் ஆயிருமேன்னு."

தன் பாத்திரத்தை மாதா மாதம் நிறைய நிறையத் தூக்கிக்கொண்டு திரும்பியவள், தன்னைத் தாண்டி ஒரு கரண்டியோடு போனவளின் ரகசியத்தை ஒன்றரை வருஷமாகக் காத்து வைத்திருக்கிறாள். ஜெயலீலாவுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. குழம்பு இருக்கா என்று கேட்டாள். கிருபாராணி தட்டு வைத்தாள். அன்றைக்கு அவள் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். காரம் கண்ணில் வந்தது என்று சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஆராதனைக்குப் பிறகு கிளாஸ் விஷயம் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்புக்கு வந்தது. தேவநேசன் சுருக்கமாகப் பேசினார்: ஆரோக்கியம், சுத்தம், காலத்துக்கேற்ற மாற்றம். நாற்பது கிளாஸும் அதற்கான தட்டும் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. வருகிற பெரிய வியாழன் இரவுத் திருவிருந்திலிருந்து தொடங்கலாம். ஜெயலீலா சிஸ்டர் நமக்காகச் சோதனைகூடச் செய்தார் என்றார். சோதனையின் முடிவைச் சொல்லவில்லை.

ஜெயலீலா எழுந்தாள். தேவநேசனை வழக்கமாக பிரதர் என்பாள். அன்றைக்கு டாக்டர் ஐயா என்றாள். பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெல்லப் பேசினாள். எண்களைப் படித்தாள்: கைப்பிடி, கரண்டி, புத்தகம், பாத்திரம். பிறகு தாளை மடித்தாள்.

"யூனிஸ் என்னைப் பழைய குடும்பமான்னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். அது உண்மைதான். டேனிஷ்காரங்க வீட்டுல அடிமையா இருந்தவங்க எங்க ஆளுங்க. தரங்கம்பாடியில முதல்ல ஞானஸ்நானம் வாங்கினது அவங்கதான். யூனிஸ் வேற மாதிரிப் புரிஞ்சிக்கிட்டாங்க. நான் திருத்தல. அது என் தப்பு. கிருபாராணி என்னவோ, அதேதான் நானும். ஆறு வருஷமா உங்களுக்கு முன்னாடி நான்தான் அந்தப் பாத்திரத்துல குடிச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, டாக்டர் ஐயா?"

சத்தியசீலன் மூன்றாவது வரிசையில் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யூனிஸ் முகம் முதலில் வெளுத்து, அப்புறம் சிவந்தது. ஏமாற்றப்பட்டவள் முகம் அது. அதைப் பார்த்ததும் ஜெயலீலாவுக்கு மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் போய்விட்டது.

"சிஸ்டர், இப்ப எதுக்கு ஜாதியை இழுக்கீங்க?" என்றார் தேவநேசன். "நாங்க ஹைஜீன் பத்தில்லா பேசிட்டிருக்கோம்."

"அப்ப பிரியாணிக் கரண்டியும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிடுங்க ஐயா. கிருமி அதுலதான் ஜாஸ்தி."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார். ஓட்டெடுப்பு நடந்தது. கிளாஸுக்கு இருபத்தேழு கை, பாத்திரத்துக்குப் பதினொன்று. சத்தியசீலன் எதற்கும் கை தூக்கவில்லை.

திருவிருந்து நடத்தித் தருபவர் அந்த ஆலயத்தின் போதகர், பாஸ்டர் மெக்லீன். எழுபது வயது. தமிழ் தெரியாது, இந்தத் தகராறும் தெரியாது. புதன்கிழமை ஜெயலீலா அவருக்குப் போன் செய்து, வியாழன் அன்று பாத்திரத்தில் குடிக்க விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு அதில்தான் தரவேண்டும் என்றாள். அவர் தாராளமாக என்றார். அன்று மாலையே தேவநேசன் வேறு ஏற்பாடு செய்துவிட்டார். இருபத்தேழு கைகளும் எடிசன் என்ற பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாலுக்குப் போயின. ஐக்கியத்தின் பெயர், பாட்டுப் புத்தகங்கள், செய்திமடல், நாற்பது கிளாஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயின. பாஸ்டர் மெக்லீனுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர் எப்போதும்போல நாற்பது பேருக்கு அப்பம் வெட்டி, நாற்பது பேருக்கு ஒயின் ஊற்றி வைத்திருந்தார்.

ஆறு மணி ஆராதனைக்குச் சத்தியசீலன்தான் அவளைக் காரில் கூட்டிவந்தான். நிறுத்துமிடத்தில் அவள் இறங்கினாள், அவன் இறங்கவில்லை. குளிருக்கு ஹீட்டர் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் கெஞ்சவில்லை.

உள்ளே அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். கிருபாராணி, தாமஸ், இரண்டு கல்லூரி மாணவர்கள், மிச்சம் ஆறு பேரும் வயதானவர்கள். அந்த ஆறு பேர் கிருபாராணிக்காக வரவில்லை. சின்னக் கிளாஸில் குடித்தால் அது திருவிருந்தே இல்லை, மருந்து குடிப்பதுபோல் இருக்கும் என்று தாங்கள் வளர்ந்த சபையின் வழக்கத்துக்காக வந்தவர்கள். முன்வரிசையில் கிருபாராணிக்கும் அவர்களுக்கும் நடுவே இரண்டு நாற்காலி காலியாக விட்டே உட்கார்ந்திருந்தார்கள். ஜெயலீலா போய் அந்த இரண்டில் ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில் தன் கைப்பையை வைக்கப் போனவள், வைக்காமல், பக்கத்திலிருந்த கிழவியைப் பார்த்து, நகர்ந்து வாங்க ஆன்ட்டி, குளிருது என்றாள். கிழவி ஒரு கணம் யோசித்துவிட்டு நகர்ந்து வந்தாள்.

பாத்திரம் வந்தது. தாமஸ் குடித்தான், கிருபாராணி குடித்தாள், பாஸ்டர் துடைத்துத் திருப்பினார், ஜெயலீலா குடித்தாள், அடுத்துக் கிழவி. பதினோரு பேரும் குடித்த பிறகும் பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருந்தது.

பாஸ்டருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. சமையலறைத் தொட்டியில் ஊற்றிவிடலாம் என்றார். பிரஸ்பிட்டேரியன்களுக்கு ஆராதனை முடிந்தால் மிஞ்சியது வெறும் ஒயின். ஜெயலீலாவுக்கு அப்படியில்லை. தரங்கம்பாடியில் அவள் அப்பா ஒரு துளி மிஞ்ச விடமாட்டார். கிழவியும் பதறினாள்: ஆசீர்வதிச்சதைச் சாக்கடையில ஊத்தவா? இந்த ஒரு விஷயத்தில் லுத்தரனும் திருநெல்வேலியும் ஒன்றாக நின்றன. பாத்திரம் இரண்டாவது சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் தாமஸ், அக்கா, எனக்கு நைட் ஷிப்ட் இருக்கு, போர்க்லிப்ட் வண்டி ஓட்டணும் என்று கெஞ்சினான். மாணவர்கள் சிரித்தார்கள். கிருபாராணி தன் பங்கையும் அவன் பங்கையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கால் பாத்திரம் இருந்தது.

ஜெயலீலா அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பாஸ்டர் என்னவோ கேட்டார். அவள் திரும்பவில்லை. கிருபாராணி ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

வெளியே இன்னும் மங்கல் வெளிச்சம் இருந்தது. சாலையில் வேலை முடிந்து போகிற கார்கள். கோட்டுப் போடாமல், புடவையோடு, வெள்ளிப் பாத்திரத்தைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு ஒரு பெண் கார் நிறுத்துமிடத்தைக் கடப்பதை ஒன்றிரண்டு பேர் வேகம் குறைத்துப் பார்த்துப் போனார்கள். சத்தியசீலன் அவள் வருவதைப் பார்த்தான். கண்ணாடியை இறக்கினான். பாத்திரத்தையும், அவளுக்குப் பின்னால் திறந்த கதவில் நின்ற கிருபாராணியையும் பார்த்தான்.

"எல்லாரும் குடிச்சாச்சா?" என்று கேட்டான்.

"குடிச்சாச்சு. கடைசியாக் குடிச்சது கிருபாராணி. இது மிச்சம்."

கார் சன்னல் வழியாக நீட்டுவாள் என்று அவன் கையை வெளியே விட்டான். அவள் நீட்டவில்லை.

"இறங்கி நின்னு குடிங்க."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சாலையைப் பார்த்தான், எடிசன் பக்கம் போகிற சாலை. எத்தனை பேர் தெரிந்தவர்கள் அந்த வழியாக அன்று போய்க்கொண்டிருந்தார்களோ. பிறகு சாவியைத் திருப்பினான். கதவைத் திறந்து இறங்கி, காற்றில் நின்று, பாத்திரத்தை வாங்கி, தலையைப் பின்னால் சாய்த்து அடிவரைக்கும் குடித்தான்.

அவள் நன்றி சொல்லவில்லை. பார்வை மாறவில்லை, பதினைந்து நாளாக அந்த முகத்தில் இருந்தது அப்படியே இருந்தது. பாத்திரத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துளி விழவில்லை. உள்ளே தட்டு எடுத்து வைக்கணும், நாற்காலி மடக்கணும், ஆள் பத்தாது என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவன் காரைப் பூட்டிவிட்டு அவள் பின்னால் போனான்.